வாத்துகளுக்கு யாரைத் தெரியும்?

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை நாச்சிகுளத்துக் கரையில் இருந்தவர்கள் மூன்று பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வருகிற வழக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

தண்ணீரை ஒட்டி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்தவைத்திருந்தவர் மாப்பிள்ளை ரொனால்டு. கழுத்தில் பைனாகுலர். அவருக்கு ஒரு கை தூரத்தில், மடைக்கல்லின் மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவள் கல்யாணப் பெண் நான்சி. மடியில் ஒரு டிபன் பாக்ஸ். இருவருக்கும் பின்னால், கரைமேட்டுப் புளியமரத்து வேரில், இரண்டு பேர் முகமும் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான்சியின் அக்கா அமலராணி. கையில் குடை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் குடை.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிற மொக்கைச்சாமியின் குடிசை பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை காலையில் அவர் மீன்கூடையோடு ஆத்தூர் ரோட்டுக்குப் போய்விடுவார். "சனிக்கிழமை போலாம், கூட்டமிருக்காது" என்று நாளைக் குறித்தவள் நான்சிதான்.

நான்சிக்கும் ரொனால்டுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசிப்பார். சபை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் 'கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்ற சொல் தன்னைப் பார்த்தே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்கிற ஒரே ஆள் அமலராணி. மூன்றாம் ஓலை நாளைக்கு. புதன்கிழமை கல்யாணம்.

அமலராணி ஆரம்பப் பள்ளி டீச்சர். பால்காரர் ஊற்றுவதற்கு முன்னால் செம்புக்குள் எட்டிப்பார்ப்பாள். கோயிலில் காணிக்கைப் பை வந்தால் பையைப் பார்க்கமாட்டாள், அதைப் பிடித்து வருகிறவரைப் பார்ப்பாள். அம்மா போனபிறகு நான்சியை வளர்த்தவள் அவள். தங்கச்சிக்கு வருகிறவனை மட்டும் சும்மா விடுவாளா?

ரொனால்டுக்குத் திருச்சியில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கல்யாண வேலைக்காக வியாழக்கிழமையே வந்து, குளத்துக்கு அக்கரையில் இருக்கும் தன் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். பறவை பார்ப்பது அவருக்குப் பைத்தியம்.

"இந்தக் குளத்தை இதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்லக்கா" என்று வியாழக்கிழமை ஊருக்கு வந்ததும் சொல்லியிருந்தார்.

சித்தி வீடு அக்கரையில் இருக்க, குளத்தைப் பார்த்ததே இல்லையாம். சித்தி இங்கே குடிவந்ததே போன கோடையில்தான் என்பது அவர் கட்சி. அமலராணி அதை மனசுக்குள் ஒரு ஓரமாக வைத்திருந்தாள்.

"அதோ பாருங்க, மூக்கு நுனியில மஞ்சப் புள்ளி. புள்ளிமூக்கு வாத்து" என்றார் ரொனால்டு, பைனாகுலரை இறக்காமலே. "நாணல் ஓரமா குட்டை குட்டையா நிக்குதே, அது சீழ்க்கைச் சிறகி."

"பொரியைப் போடுங்களேன்" என்றாள் நான்சி.

கை நிறையப் பொரியை அள்ளி வீசினார். அது வெள்ளைவெள்ளையாக மிதந்து கரைக்கே திரும்பி வந்தது. நடுத்தண்ணீரில் இருந்த கூட்டம் கழுத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொரி தின்னு பழக்கமில்ல போல. இதப் போட்டுப் பாருங்க." நான்சி டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஊறவைத்த கம்பு. திறக்கும்போது மூடி கைதவறி மடைக்கல்லில் பட்டது. எடுக்கப் போனவள் கையிலிருந்து இன்னொரு முறை பட்டது. டணங், டணங்.

ரொனால்டு கம்பை அள்ளி வீசினார்.

கூட்டம் திரும்பியது. முதலில் ஒன்று, அப்புறம் அதன் பின்னால் கயிறு கட்டி இழுத்த மாதிரி அத்தனையும். தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு நேராக வந்தன. வந்து, ரொனால்டின் கால் கட்டைவிரலுக்கு முன்னாலேயே தலையைக் கவிழ்த்துக் கம்பைப் பொறுக்கத் தொடங்கின.

அமலராணி வேரிலிருந்து எழுந்துவிட்டாள்.

இந்தக் குளத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். வலை வைத்துப் பிடிக்கிறவனுக்கும் கவட்டைவில்லுக்கும் பயந்த பறவைகள் இவை. மனுஷ நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், மறுகரைக்குப் போய்விடும். அப்படிப்பட்டது, திருச்சியிலிருந்து முந்தாநாள் வந்தவன் காலடிக்கு வருகிறது என்றால்?

"ஏன் தம்பி, உங்களைப் பாத்து இதுகளுக்குப் பயமே இல்லையே?"

"அதான்க்கா எனக்கும் ஆச்சரியம்! புது ஆள்கிட்ட இவ்ளோ கிட்ட வரவே வராது. நாள்கணக்கா தீனி போட்டுப் பழகின ஆள்கிட்டதான் வரும்."

தானே சொல்கிறான் பார், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள் அமலராணி. திருடனே முந்திக்கொண்டு பூட்டு உடைந்திருக்கிறது என்று காட்டுகிற கதை.

இன்னொன்றும் கவனித்தாள். வாத்துகள் இத்தனை பக்கத்தில் இருக்க, பைனாகுலர் அடிக்கடி அக்கரைப் பக்கம் போய் வந்தது. அக்கரையில் என்ன இருக்கிறது? நாலு வீடு, ஒரு மொட்டைமாடி, கொடியில் துணி. வாத்து இல்லை.

* * *

மத்தியானம் சாப்பாட்டில் பேச்சு கிளம்பியது.

அப்பா சூசைராஜ் முன்னால் வெங்காய மண்டி வைத்திருந்தவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபிறகு மண்டியைக் கொடுத்துவிட்டார். குரலை மட்டும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் ஏலம் போடுகிற குரல்தான்.

"ஏம்ப்பா, மாப்பிள்ளையப் பத்தி நல்லா விசாரிச்சீகளா?" என்று கேட்டாள் அமலராணி.

சோற்றைப் பிசைந்த அப்பாவின் கை நின்றது. "வந்துட்டியா? மூணாம் ஓலைக்கு முந்தின நாளு ஒனக்குச் சந்தேகம் வரும்னு எனக்குத் தெரியும்."

"இல்லப்பா, காலைல குளத்துல..."

"குளத்துல என்ன? மொதலை வந்துச்சா?"

"வாத்து வந்துச்சு."

"கேட்டியா நான்சி? குளத்துல வாத்து வந்துச்சாம்! குளத்துல வராம வெங்காய மண்டிக்கா வரும்?"

"கால்கிட்ட வந்துச்சுப்பா. இதுக்கு முன்ன இங்க வந்ததே இல்லங்கிற ஆளு கால்கிட்ட. அப்ப அவரு பல தடவை வந்திருக்காரு. வந்ததை ஏன் மறைக்கணும்? இங்க யாரைப் பாக்க வந்தாரு?"

சூசைராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒனக்கு வந்த ரெண்டு வரனையும் இப்பிடித்தான் விசாரிச்சு விசாரிச்சு வெரட்டுனே. ஒருத்தன் காப்பிய இடது கையில வாங்குனான்னே. இன்னொருத்தன் சிரிக்கிறப்ப கண்ணு சிரிக்கலன்னே. இப்ப வாத்துகிட்ட சாட்சி கேக்குறே. தபசு காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் கெடையாது, அதுக்குள்ள இந்தப் புள்ளைய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரணும் தாயி. இதையும் கெடுத்தே, என் நெஞ்சு தாங்காது. சொல்லிட்டேன்."

"அப்பா, கோவப்படாதீக. கொழம்பு ஊத்தவா? வெஞ்சனம் வைக்கவா?" நான்சி நடுவில் புகுந்து அவரைச் சமாதானம் செய்தாள்.

பாத்திரம் கழுவும்போது அக்காவும் தங்கச்சியும் தனியாக இருந்தார்கள்.

"அப்பா சொல்றதும் சரிதான்க்கா. நீ ஒண்ணையும் மனசுல போட்டுக் கொழப்பாத."

அமலராணி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா." நான்சி ஒரு தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "அந்தக் கண்ணாடிய அக்கரைப் பக்கமே திருப்பித் திருப்பி வச்சாரே. அங்க என்ன வாத்தா இருக்கு?"

"நீயும் பாத்தியா!"

"பாத்தேன். விடு. எனக்கு எழுதுனது அம்புட்டுதான்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் துடைப்பில் அமலராணி முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு ஓலை வாசிப்பதற்குள் இவனைச் சாட்சியோடு பிடிக்க வேண்டும். சாட்சி யார்? குளத்தில் கல் விழுந்தாலும் தெரிந்துவைத்திருக்கிற மொக்கைச்சாமி.

* * *

மூன்று மணிக்கு மேல், மிச்சமிருந்த கம்போடு அதே டிபன் பாக்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அக்கரைச் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, காலைல நான்சி ஒரு வளையல குளத்தங்கரைல விட்டுட்டா. செத்த நேரம் கூட வாரீகளா? ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணா இருக்கும்."

பொய் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. அடுத்தவர் பொய்யைப் பிடிக்க ஒரு பொய் போட்டால் பாதகமில்லை என்று வழியெல்லாம் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

மொக்கைச்சாமி குடிசைக்கு முன்னால் வலையை விரித்துப்போட்டுப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான் அண்ணே." டிபன் பாக்ஸைத் திறந்து கம்பை ரொனால்டு கையில் கொட்டினாள். "தம்பி, நீங்க மடைக்கிட்ட தேடுங்க. அப்பிடியே ரெண்டு அள்ளி வாத்துக்கும் போடுங்க."

ரொனால்டு இறங்கிப் போனார். தண்ணீர் ஓரத்துக்கு அவர் நிழல்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

படபடபடவென்று ஒரு சத்தம். நாலு ஜமுக்காளத்தை ஒரே சமயத்தில் உதறின மாதிரி. மொத்தக் கூட்டமும் எழும்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுகோடி நாணலில் போய் இறங்கியது. ரொனால்டு கம்பை வீசிய கையை வீசியபடியே வைத்துக்கொண்டு நின்றார்.

அமலராணிக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அண்ணே, அந்தத் தம்பிய இதுக்கு முன்ன இங்க பாத்திருக்கீகளா?"

மொக்கைச்சாமி கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார். "அந்தக் கண்ணாடிக்காரரா? வியாழக்கெழம சாயங்காலத்துல இருந்து பாக்குறேன். பாவம், பொரியா வாங்கி வாங்கிக் கொட்டுறாரு. கிட்டப் போனா அம்புட்டும் பறந்துருது."

"போன வருசம்? இல்ல, மழைக்கு முன்ன?"

"இல்லவே இல்ல. புது முகம்."

"அப்ப காலைல மட்டும் கால்கிட்ட வந்து தின்னுச்சே?"

"அப்பிடியா?" மொக்கைச்சாமி ஊசியை வலையில் குத்தி வைத்தார். "அப்ப அந்தப் புள்ள கூட வந்திருக்கும்."

"எந்தப் புள்ள?"

"பேரெல்லாம் கேட்டதில்லம்மா. ஒங்க மாதா கோயிலுப் புள்ள. வெடியக்காலம் பூசைக்கு மணி அடிக்குமே, அந்நேரத்துக்கு வரும். வெள்ள முக்காடு, லேடீஸ் சைக்கிளு. அந்த மடைக்கல்லுல உக்காந்து டப்பா மூடிய ரெண்டு தட்டு தட்டும். அம்புட்டு வாத்தும் ஆத்தாளக் கண்டமாரி ஓடியாரும். ரெண்டு மழைக்காலமா வருது. இந்த வியாழக்கெழமையில இருந்துதான் காணோம்."

தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போகிற பெண். வெள்ளை முக்காடு. 'உங்க தங்கச்சி கன்னியாஸ்திரியாப் போயிரும் போல டீச்சர்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பெருமையாக இருக்கும் அமலராணிக்கு. அடுத்தவர் வீட்டுப் பால் செம்பிலெல்லாம் எட்டிப் பார்த்தவள், தன் வீட்டுச் சைக்கிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"தனியாவா வரும்?"

"இக்கரைல தனியாத்தான்." மொக்கைச்சாமி குரலை இறக்கினார். "அக்கரைல, அந்த வேப்பமரத்தடில, ஒரு ஆளு வந்து நிப்பாரு. கிட்ட வந்து நான் பாத்ததில்ல. இது கெளம்புனதும் அவரும் போயிருவாரு. நமக்கெதுக்கு ஊர் வம்பு? நமக்கு மீனு."

அமலராணி டிபன் பாக்ஸ் மூடியைக் குடிசைக் கல்தூணில் தட்டினாள். டணங், டணங்.

மறுகோடி நாணலுக்குள்ளிருந்து கழுத்துகள் நீண்டன. ஒன்றிரண்டு வெளியே வந்து பாதித்தூரம் நீந்தின. அப்புறம் நின்றுவிட்டன. தட்டின ஆள் வேறு என்று தெரிந்துகொண்டது போல, அங்கேயே மிதந்துகொண்டிருந்தன.

* * *

திரும்பும் வழியில் இரண்டு பேரும் கரைமேல் நடந்தார்கள்.

"வளையல் இல்லக்கா" என்றார் ரொனால்டு.

"தெரியும் தம்பி."

"என்னைத் தேடித்தான் வந்தீங்களா?"

அமலராணி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஆமா."

"கெடைச்சேனா?"

அவர் சிரித்தார். கோபம் இருக்கிறதா என்று அமலராணி அந்தச் சிரிப்புக்குள் தேடினாள். இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"எங்க அம்மா சொல்லித்தான் விட்டாங்க. பொண்ணோட அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கஸ்டம்ஸ் ஆபீஸ் மாதிரி, எல்லாப் பெட்டியையும் தெறந்து காட்டிட்டுத்தான் உள்ள போகணும்னு. எதுனாலும் நேராக் கேளுங்கக்கா."

"காலைல கண்ணாடிய ஏன் அக்கரைப் பக்கமே வச்சீங்க?"

"அதுவா? வேப்பமரத்துக்கிட்ட ஒரு ஆள் நின்னாருக்கா. நீலச் சட்டை. நாம வந்ததுல இருந்து கெளம்புற வரைக்கும் நின்னாரு. நம்மளையேதான் பார்த்துக்கிட்டிருந்தாரு. யாருன்னு நான்சிகிட்டக் கேட்டேன். ஆடு மேய்க்கிறவர்னு சொன்னா."

கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஆடு ஒண்ணும் இல்லக்கா."

* * *

நான்சி மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே அப்பா கட்டிலில் ரேடியோ கேட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்.

அமலராணி டிபன் பாக்ஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். மூடியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான்சியின் கையிலிருந்த சேலை பாதி மடிப்பில் நின்றது.

"யாருக்கா சொன்னா?"

"வாத்து சொல்லுச்சு."

"அக்கா..."

"ஏண்டி, பூசைக்குப் போறேன், பூசைக்குப் போறேன்னு ரெண்டு வருசமா யாருக்குடி பூசை போட்டே?"

"சத்தம் போடாதக்கா. அப்பா."

"இந்தக் கல்யாணம் வேணாமா ஒனக்கு?"

நான்சி சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலை மட்டும் ஆடியது.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"எங்க சொல்ல? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு அப்பா என் கையப் புடிச்சுக் கேட்டாரு. மூக்குல ட்யூபு. 'சரிப்பா'ன்னு சொல்லிட்டேன். நீயா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பே. மொத ஓலை வாசிச்சப்பவே எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. ரெண்டாவதுக்கு முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கிட்டேன். நாளைக்கு மூணாவது. அதுவும் வாசிச்சுட்டா முடிஞ்சுபோச்சுக்கா."

"அதுக்குப் பழிய அந்த மனுசன் தலையில தூக்கி வைப்பியா?"

"நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலையே. சொன்னேனா? குளத்துக்கு உன்னையும் கூட்டிட்டுப் போனேன், அம்புட்டுதான். மிச்சத்தை நீயே பாத்துக்கிருவேன்னு தெரியும்."

அமலராணி மூடியை டிபன் பாக்ஸில் வைத்து அழுத்தினாள்.

"உன் சந்தேகத்தை நம்பித்தான்க்கா இருந்தேன். உனக்கு வந்த ரெண்டு பேரை வெரட்டுனவ, எனக்கு வந்தவரை வெரட்டித் தரமாட்டியான்னு."

அப்பா சொன்னபோது வலிக்காதது இப்போது வலித்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் தங்கச்சி கண்ணைத் துடைத்தபோது, அந்தக் கண்ணில் ஈரம் இருந்ததா என்று ஏன் பார்க்காமல் போனோம் என்று நினைத்தாள்.

நான்சி அவள் கையைப் பிடித்தாள். "சாமியாருக்கு நீ ரெண்டு வரி எழுதிக் குடுத்துருக்கா. நீ எழுதுனா நம்புவாரு. மாப்பிள்ளை மேல சந்தேகமா இருக்கு, ஓலைய நிறுத்தி வைங்கன்னு எழுது, போதும். அவரு ஆம்பள. திருச்சிக்காரரு. நாலு நாளு பேசுவாக, அப்புறம் வேற எடத்துல கட்டிக்கிருவாரு. என்னைச் சொல்லி எழுதுனா அப்பாவுக்கு..."

"அந்த நீலச் சட்டை யாரு?"

"அதக் கேக்காதக்கா."

"நம்ம ஆளுகளா? வேற ஆளுகளா?"

"இன்னைக்குக் கேக்காதக்கா. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

* * *

அமலராணி மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளைத்தாளில் சிலுவை போட்டாள். இடது பக்கம் அனுப்புநர், வலது பக்கம் நாள், கீழே பெறுநர். அதுவரை கை தானாகவே போனது. பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பாள்! 'பொருள்' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது.

'மணமகன் ரொனால்டு குறித்து' என்று எழுதினால் வீடு தப்பிக்கும். அப்பா இரண்டு நாள் கத்துவார், 'நீதான்டி கெடுத்தே' என்பார். அந்தப் பேச்சு அவளுக்குப் பழக்கம்தான், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் திருச்சியில் ஒரு அம்மா வீட்டு வாசலில் நின்று, என் பிள்ளை என்ன தப்புப் பண்ணினான் என்று கேட்பாள். அதற்கு யார் பதில் சொல்வது? ஓலை நின்ற பையன் என்றால் அடுத்த ஊரில் எந்தப் பெண் வீட்டில் அவரை உட்காரச் சொல்வார்கள்? அங்கேயும் ஒரு அமலராணி இருப்பாள். விசாரிக்காமல் விடமாட்டாள்.

உண்மையை எழுதினால்? கீழே ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிற நெஞ்சு தாங்க வேண்டும்.

பேனாவை ஒரு முறை உதறினாள். அப்புறம் எழுதினாள்.

'சங்கைக்குரிய பங்குத் தந்தை அவர்களுக்கு, தோத்திரம். நாளை வாசிக்க இருக்கும் மூன்றாம் ஓலையைத் தயவுகூர்ந்து நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மணமகன் மீது யாதொரு குறையும் இல்லை. இதை நான் நேரில் விசாரித்து அறிந்தே எழுதுகிறேன். தடை எங்கள் வீட்டில் இருக்கிறது. மணமகள் மனச்சம்மதம் இல்லாமல், தகப்பனாரின் உடல்நிலைக்குப் பயந்து சரி என்று சொல்லிவிட்டாள். அவளைத் தாங்களே நேரில் கேட்டு அறியவும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.'

நான்சியைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தாள். நான்சி பாதியிலேயே தாளை இறக்கினாள்.

"அப்பா செத்துருவாருக்கா."

"அப்பாகிட்ட நான் பேசுறேன். ராத்திரி மாத்திரை போட்டதுக்கப்புறம் பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்றேன். என்னைய அடிச்சாலும் சரி. ஆனா ஊரான் பெத்த புள்ள பேர்ல நான் பொய் எழுதமாட்டேன்."

"என்னைய மட்டும் மாட்டிவிடுறே."

"ஒன்னய அவுத்துவிடுறேன்டி. புரியலையா ஒனக்கு? ஓலை நிக்கும்ல? அதானே கேட்டே? கையெழுத்துப் போடு."

"நான் எதுக்கு?"

"வேணாம்னு சொல்றது நீ. அதை நான் சொன்னா சந்தேகம்பாக. நீ சொன்னாத்தான் அதுக்குப் பேரு பதிலு."

நான்சி பேனாவை வாங்கினாள். பெயரை எழுதி முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. எழுதிவிட்டு, தாள்மேல் விழுந்த சொட்டை முந்தானையால் ஒற்றினாள். இந்தத் தடவை அமலராணி பார்த்தாள். ஈரம்தான்.

தாளை மூன்றாக மடித்துக் கவருக்குள் போட்டாள். வீட்டில் பசை இல்லை. நான்சி கீழே போய்ச் சோற்றுப் பானையிலிருந்து எடுத்துவந்த நாலு பருக்கையை விளிம்பில் தேய்த்து ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள்.

கடைசி பஸ் போவதற்குள் கோயிலுக்குப் போய் நேரில் கொடுத்துவிடலாம் என்று படியிறங்கியவள், பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

வாசலில் சித்தி வீட்டு டி.வி.எஸ். 50. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ரொனால்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏ அமலா! மாப்பிள்ளை கோயிலுக்குப் போறாராம். கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும்ல? நிலக்கோட்டைப் பூக்காரன்கிட்ட புதன்கெழமைக்குச் சொல்லிட்டோம்னு சாமியார்கிட்டச் சொல்லச் சொல்லிருக்கேன். ஆமா, கையில என்னது கவரு?"

அமலராணி கவரை முந்தானைக்குள் இழுத்தாள். இழுத்தபிறகுதான் இழுத்தது தெரிந்தது.

"சாமியாருக்குப்பா. ஓலை விசயமா."

"அப்ப மாப்பிள்ளைகிட்டயே குடுத்துவிடு. அந்த வேலையா நீ எதுக்குப் பஸ்சுக்கு நிக்கணும்?"

"இல்லப்பா, நானே..."

"குடுங்கக்கா, நான்தானே போறேன்." ரொனால்டு கையை நீட்டினார்.

மேலே மாடிப்படி விளிம்பில் நான்சியின் பாவாடை நுனி தெரிந்தது. அசையவில்லை. அப்பா ரேடியோவைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். மறுத்தால் இரண்டு பேருக்கும் இந்த இடத்திலேயே காரணம் சொல்ல வேண்டும்.

கவரைக் கொடுத்தாள். வாசல் வரை கூடவே போனாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த ரொனால்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "என்னைப் பத்தியாக்கா?"

"உங்களைப் பத்தி ஒரு வரி இருக்கு தம்பி. அந்த ஒரு வரியில நான் எங்கயும் பொய் சொல்லல."

அதற்கு என்ன அர்த்தம் என்று ரொனால்டு அவள் முகத்தில் தேடினார்.

"சாமியார் கையிலேயே குடுத்துருங்க. அவரு பிரிச்சுப் படிக்கிற வரைக்கும் கெளம்பிறாதீக. அவரு உங்ககிட்டப் பேசுவாரு."

"சரிக்கா."

ஒட்டின இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அது கசங்கிவிடாமல் ரொனால்டு கவரைச் சட்டைப்பைக்குள் நிறுத்தி வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று பைக்கு மேல் இருந்த பித்தானையும் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது.